படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில், அதாவது குழாய்க் கேமராவை உடலுக்குள் விட்டுப் பார்க்கும் அறையில், 19 வருடம் செவிலியராக வேலை பார்த்து, எட்டு மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றேன். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்தவரை நேரம் அமையவில்லை.

ஒரு அண்ணன் தம்பியிடமிருந்து தொடங்குகிறேன். அண்ணனுக்கு 57 வயது, விசைத்தறி ஓட்டுகிறவர். இரண்டு வருடமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. “நாள் பூரா நின்னே வேலைங்க, உடம்புச் சூடுன்னு நெனச்சேன்” என்றார். வீட்டில் துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று பார்த்திருக்கிறார்கள். அப்புறம், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒன்றரை வருடம் மருந்து. அந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கையுறை மாட்டி ஒரு விரல் விட்டுப் பார்க்கவில்லை. எங்களிடம் வந்தபோது கட்டி ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் இருந்தது. விரலுக்கு எட்டுகிற தூரம்தான்.

அவர் மயக்கம் தெளிந்து கொண்டிருந்த நேரம், அவருடைய செருப்பையும் ஸ்கேன் கவரையும் ஒரே பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு தம்பி வெளியே நின்றார். 52 வயது. அவரும் தறிதான். சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்: “எனக்கும் வருமுங்களா சிஸ்டர்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த மாநிலத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடுகிறேன். அண்ணனுக்குத் தேவைப்பட்டது முன்கூட்டிய பரிசோதனை கிடையாது. ரத்தம் போகிறவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர், மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறிப்போனவர், இரும்புச்சத்து இல்லாமல் ரத்தசோகை வந்த ஆண், இவர்களெல்லாம் நோயாளிகள். எந்த வயதாக இருந்தாலும் உடனே பார்த்துவிட வேண்டும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று போடும் எந்தக் கணக்கும் அவர்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. நான் பேசப்போவது தம்பி மாதிரி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வெளியே நிற்கிற ஆட்களைப் பற்றி.

மருத்துவத்தில் ‘சராசரி ஆபத்து உள்ளவர்’ என்று ஒரு பிரிவு உண்டு. இதற்கு முன்பு குடலில் புற்றுநோயோ, பாலிப் என்னும் சதை வளர்ச்சியோ வராதவர், குடல் அழற்சி நோய் இல்லாதவர், பரம்பரையாகக் குடல் புற்றுநோய் வருகிற குடும்பத்தைச் சேராதவர் எல்லாரும் அதில் வருவார்கள். கிட்டத்தட்ட ஊரே அதில் அடங்கிவிடும். ஆனால் 70 வயதில் பீடி குடிக்கும் ஆணும், 46 வயதில் புகையிலையைத் தொட்டே பார்க்காத பெண்ணும் ஒரே சராசரியா? எங்கள் அறைக்கு யார் வந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது என்று பயந்து, கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்று வந்த நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் பலர். அந்த ரத்தப் பரிசோதனையை இந்த நோயைத் தேடுவதற்கு எந்த வழிகாட்டுதலும் பரிந்துரைப்பதில்லை. பீடி குடிக்கும் 60 வயது ஆண், ஒரு தொந்தரவும் இல்லாமல், ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று தானாக வந்ததாக எனக்கு நினைவே இல்லை. யாருக்கு வாய்ப்பு குறைவோ அவர்கள் காசு கட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். வாய்ப்பு அதிகம் உள்ளவர் தறிக் கொட்டகையில் நிற்கிறார்.

நம் நாட்டில் இந்த நோய் குறைவுதான். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஐந்து பேரைச் சுற்றித்தான் இருக்கும். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் முப்பதைத் தாண்டும். இதை வைத்தே, ‘அப்படியானால் நமக்கு எதற்கு இந்தத் திட்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எல்லாரையும் கூப்பிட்டுக் குடலுக்குள் கேமரா விடுவது நமக்குச் சரிப்படாது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்து 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் பத்து வருடத்தில் 0.98 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம். ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 455 பேரை அழைக்க வேண்டியிருந்தது. நோய் அதிகம் உள்ள நாடுகளிலேயே கணக்கு இப்படி என்றால், நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் அழைத்தால் எத்தனை பேரைப் படுக்கவைக்க வேண்டியிருக்கும்?

படுக்கவைப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். தாளவாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். குடலைச் சுத்தம் செய்யும் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தோம். சொன்ன சொல் தவறாமல் விடியற்காலையிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. நடுவழியில் இறங்கி, புதர் மறைவில் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, நனைந்த சேலையோடு பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார். “தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்” என்று அவர்தான் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து மலை ஊர்க்காரர்களை முந்தின நாளே வரச் சொல்லிப் படுக்கை கொடுத்தோம். அந்த அம்மாவுக்குக் குடலில் ஒன்றும் இல்லை.

ஒருவரை அந்த மேஜைக்கு அழைக்கும் முன் காரணம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆபத்தைக் கணித்து அழைக்கும் முறை அந்தக் காரணத்தைத் தருகிறது.

இந்த நோய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. அவசரப்படாது. பெரும்பாலும் குடலின் உள்சுவரில் ஒரு சின்னச் சதை வளர்ச்சியாக, அதாவது பாலிப்பாகத் தொடங்கும். அது புற்றுநோயாக மாறப் பத்து வருடம்கூட ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் அந்தப் பாலிப்பிலிருந்து புற்றுநோய் வராது. வருமுன் காப்பது என்று நாம் வாயால் சொல்வதை இங்கே பாலிப்பை அறுத்தெடுக்கும் ஒரு கம்பி வளையத்தால் செய்துவிடலாம்.

யாரிடம் தேடுவது என்பதற்கு ஆசியாவிலேயே ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆசியாவின் 11 நகரங்களில் பார்த்து 2011-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. நாலே கேள்விகள். வயது 50 முதல் 69 வரை என்றால் 2, எழுபதும் அதற்கு மேலும் என்றால் 3. ஆண் என்றால் 1. புகைபிடிப்பவர், அல்லது முன்பு புகைபிடித்தவர் என்றால் 1. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தால் 2. கூட்டினால் 0, 1 வந்தவர்கள் ஒரு பிரிவு. 2, 3 நடுப்பிரிவு. 4-உம் மேலும் உயர் பிரிவு. முதல் பிரிவில் நூற்றுக்கு ஒருவரைச் சுற்றித்தான் முற்றிய பாலிப்போ புற்றுநோயோ இருந்தது. உயர் பிரிவில் ஐந்து பேருக்கு. நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ரத்தம் எடுக்கவில்லை, ஸ்கேன் இல்லை. வாயால் கேட்ட நாலு கேள்வி.

தம்பிக்குப் போட்டுப் பாருங்கள். வயதுக்கு 2, ஆணுக்கு 1, பீடிக்கு 1. ஆக 4. அண்ணனுக்கு நோய் என்று தெரிவதற்கு முந்தின நாளே அவர் உயர் பிரிவில்தான் இருந்திருக்கிறார். தெரிந்த நாளில் 6 ஆகிவிட்டது, சராசரிக் கூட்டத்திலிருந்தே வெளியே வந்துவிட்டார். இரண்டு நாளிலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இங்கேதான் உங்கள் துறையின் வேலை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தம்பி வீட்டுக்கு ஏற்கனவே ஆள் வந்து போயிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, ‘பிரஷர் மாத்திரை கொடுக்கிற அக்கா’ தெரியாத தெரு எங்கள் பக்கம் இல்லை. நாடு முழுவதும் தொற்றா நோய்த் திட்டத்தில் ஒரு படிவம் புழங்குகிறது. 30 வயதைத் தாண்டியவரிடம் அதில் என்ன கேட்கிறார்கள்? வயது. புகையிலை. தினமும் குடிப்பாரா. இன்ச் டேப்பை வைத்து இடுப்பளவு. வாரத்துக்கு எவ்வளவு நேரம் உடலுழைப்பு. பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது பிரஷர், சர்க்கரை, இதய நோய் உண்டா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டி 4-க்கு மேல் வந்தால் முதலில் கவனிக்க வேண்டியவர்.

அதே கேள்விகள்! வயது, ஆணா பெண்ணா, புகை, இடுப்பளவு, குடும்பம் என்ற ஐந்தையும் வைத்துத்தான் அமெரிக்காவின் இண்டியானாவில் சராசரி ஆபத்து உள்ளவர்களைப் பிரித்து 2015-இல் ஒரு மதிப்பெண் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்குக்கு வேண்டிய எல்லாம் நம் படிவத்தில் ஏற்கனவே இருக்கிறது, ஒன்றைத் தவிர. ‘உங்கள் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில்?’ இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், பிரஷருக்காக எடுக்கும் அளவிலேயே குடலுக்கான கணக்கும் விழுந்துவிடும். இன்னொரு வீட்டுப் பயணம் வேண்டாம், இன்னொரு டேப் வேண்டாம்.

கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘குடல் புற்றுநோய்’ என்று கேட்டால் எங்கள் பக்கம் பாதிப் பேர் இல்லை என்பார்கள். ‘வயித்துல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணினாங்களா? மலம் போக வயித்துல பை வெச்சிருந்தாங்களா?’ என்று கேட்டால்தான் “ஆமாங்க, எங்க பெரியப்பாவுக்கு” என்று வரும். அதில் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றில்லை என்பதை மறுபடி கேட்டுப் பிரித்து எழுத வேண்டும். தன்னார்வலர்களுக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தால் போதும். அவர்களுக்கு இதெல்லாம் எங்களைவிட நன்றாகவே வரும்.

மதிப்பெண் வந்த பிறகு அடுத்த படி கேமரா இல்லை, மலப் பரிசோதனை. ஃபிட் என்று சொல்லும் பரிசோதனை மனித ரத்தத்தை மட்டும் தேடும். கறி சாப்பிட்டாலும் கீரை சாப்பிட்டாலும் குழப்பாது. பத்தியம் வேண்டாம், வீட்டிலேயே ஒரு குச்சியில் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிடலாம். புற்றுநோய் இருப்பவர்களில் ஐந்து பேரில் கிட்டத்தட்ட நாலு பேரை ஒரே தடவையில் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 100-க்கு 6 பேரை வீணாகவும் பிடிக்கும். இந்த 6-ஐச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஒரு மாவட்டத்தில் லட்சம் பேருக்கு இதைச் செய்தால் 6,000 பேர் கொலோனோஸ்கோபிக்கு நிற்பார்கள். ஒரு அறையில் நாளைக்குப் பத்துப் பேர் என்று ஓயாமல் பார்த்தாலும் 600 வேலை நாள், அதாவது இரண்டு வருடம். அதே குப்பிகளை மதிப்பெண் உயர்ந்தவர்களுக்கு முதலில் கொடுத்தால் வரிசையும் குறையும், வரிசையில் நிற்பவர்களுக்கு உண்மையில் ஏதாவது இருக்கும் வாய்ப்பும் கூடும். தாய்லாந்து 2011-இல் லம்பாங் என்ற ஒரே மாகாணத்தில்தான் இதைத் தொடங்கியது. 50 முதல் 65 வயதுக்காரர்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் கலந்துகொண்டார்கள். ரத்த அளவின் எல்லைக்கோட்டை உயர்த்தி வைத்ததால் நூற்றுக்கு ஒருவர்தான் கேமராவுக்குப் போக வேண்டியிருந்தது. கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்வது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

எங்கள் ஊர் வெயிலை மட்டும் மறந்துவிடாதீர்கள். சூட்டில் அந்த மாதிரியில் இருக்கும் ரத்தப்புரதம் சிதைந்துவிடும். இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கோடை மாதங்களில் இந்தப் பரிசோதனை நோயைக் கோட்டைவிடுவது கூடியதைக் கண்டிருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் கோடையே அப்படி என்றால், அக்னி நட்சத்திரத்தில் தன்னார்வலரின் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இரண்டு நாள் கிடக்கும் குப்பி என்ன ஆகும்? தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி போகிற ஊரில் இதற்கும் போகலாம். இல்லையென்றால் மார்கழி, தை மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

நம்மால் முடியுமா என்று யாராவது கேட்டால் திண்டுக்கல்லைக் காட்டுங்கள். அம்பிளிக்கையை மையமாக வைத்து அந்த மாவட்டத்தில் நடந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் தடவிக் கண்ணால் பார்த்தே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். அந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் உலகமே படித்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு வீடு தேடி அழைக்கும் திட்டத்தை 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கியதும் நீங்கள்தான். எங்கள் மாவட்டத்தை முதலில் எடுத்தீர்கள் என்பதில் எனக்கு இன்னும் பெருமை. அதே மாவட்டங்களில் ஒன்றில் குடலுக்கும் ஒரு முன்னோட்டம் நடத்துங்கள் என்று கேட்கிறேன்.

வெளியிலிருந்து வந்த மதிப்பெண்ணை அப்படியே ஒட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. நம் சாப்பாடு வேறு, பீடி வேறு, இடுப்பு வேறு, நோய் வரும் அளவும் வேறு. வேறு ஊரில் 4 என்றால் உயர்வு என்பது நமக்கு 5 ஆகலாம். வயதுக்கான எல்லையும் மாறலாம். அமெரிக்காவில் 2021-இல் பரிசோதனை வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நாமும் குறைக்க வேண்டும் என்று அதனால் ஆகிவிடாது. 2019-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, அடுத்த 15 வருடத்தில் நோய் வரும் வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம், அதற்கு மேல் இருப்பவர்களுக்குச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. நம் மக்களில் யார் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று நம் கணக்குதான் சொல்ல வேண்டும். சென்னையில் 1981-லிருந்து புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது, பிறகு மாநிலத்துக்கே பதிவேடு வந்தது. வீட்டில் எடுக்கும் படிவத்தை அந்தப் பதிவேட்டோடு இணைத்துப் பத்து வருடம் பொறுமையாகப் பின்தொடர்ந்தால், தமிழ்நாட்டுக்கென்று ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

எனக்கு ஒரு பயமும் உண்டு. இந்த மதிப்பெண் ஜாதகம் இல்லை. தனி ஒருவருக்கு வரும், வராது என்று அடித்துச் சொல்லாது, யாரை முதலில் அழைக்கலாம் என்று மட்டும் சொல்லும். எங்கள் மேஜையில் 34 வயதுப் பையன் ஒருவனுக்குக் கட்டியைப் பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. இந்தக் கணக்கில் அவன் மதிப்பெண் 1. நாளைக்கு அப்படி ஒருவன் ரத்தம் போகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, ‘உனக்கு மதிப்பெண் கம்மிப்பா, மூலமாத்தான் இருக்கும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டால், நான் கேட்டது நடக்காமலே போயிருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆகவே படிவத்திலேயே முதல் வரியாக, ரத்தம் போகிறதா என்ற கேள்வியை வையுங்கள். ஆமாம் என்றால் மதிப்பெண்ணைக் கூட்டவே வேண்டாம், நேராக மருத்துவரிடம். மருத்துவர் விரல் விட்டுப் பார்த்ததாகக் குறிப்பு எழுதியே ஆக வேண்டும். அண்ணனுக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மலப் பரிசோதனையில் ரத்தம் என்று வந்தவருக்குக் கொலோனோஸ்கோபி தேதி அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். தேதி கொடுக்க முடியாத மாவட்டத்தில் குப்பியை விநியோகிக்கவே வேண்டாம். ‘ஏதோ இருக்கு’ என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் காக்க வைப்பதைப் போன்ற கொடுமை இல்லை. அந்தக் காத்திருப்பில் சோறு இறங்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு நாங்கள் அந்த வாரமே கொலோனோஸ்கோபி செய்தோம். இரண்டு பாலிப். ஒன்று மிளகு அளவு, இன்னொன்று பெரிய சுண்டைக்காய் அளவு. இரண்டையும் எடுத்தாயிற்று, புற்றுநோய் இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இப்படி மறுபடி வர வேண்டியவர்களை ஞாபகப்படுத்த எங்களிடம் தனியாக ஏற்பாடு எதுவும் இல்லாததால், பெயரும் போன் நம்பரும் மாதமும் என் சொந்த டைரியில் எழுதி வைத்துக்கொண்டு நானே கூப்பிடுவேன். ஓய்வு பெற்ற அன்று அந்த டைரியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இன்னும் 61 பெயர் இருக்கிறது. தம்பிக்கு வரும் தை மாதம் மூன்று வருடம் முடிகிறது. பொங்கல் முடிந்து தறி மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.